நம்பாதவர் மீதா குற்றம்?



மயிலாப்பூர் லஸ் முனையிலும் தியாகராய நகர் பனகல் பூங்கா அருகிலும் அடையாற்றிலும் மெட்ரோ ரயிலுக்காகச் சாலையை மறித்து வேலை நடந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே மண் தோண்டியவர்களிலும் கம்பி கட்டியவர்களிலும் பலர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கொள்ளைநோய் பரவும் காலத்தில் இவர்களைப் பற்றி ஒரு பேச்சு அடிபடுவதுண்டு: "இவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது. வதந்தியைத்தான் நம்புவார்கள்."

இது சரியான முடிவுதானா? அறிவியல் மாணவர்களாகிய நாம் முதலில் சான்றுகளைப் பார்ப்போம்.

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நள்ளிரவு முதல் அது நடைமுறைக்கு வந்தது. வேலை நின்றது, அதோடு கூலியும் நின்றது. ரயிலும் இல்லை. "வீட்டிலேயே இருங்கள், இடைவெளி விடுங்கள், அடிக்கடி கை கழுவுங்கள்" என்பவை நல்ல அறிவுரைகளே. ஆனால் ஒரு தகரக் கொட்டகையில் பத்துப் பேர் நெருங்கிப் படுத்து, லாரித் தண்ணீரை அளந்து செலவிடுபவர்கள் இவற்றை எவ்வாறு பின்பற்றுவது? செய்ய முடியாத ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னால், சொல்பவருக்குத் தம் நிலை தெரியாது என்றுதானே கேட்பவர் நினைப்பார்?

மொழிதான் தடை என்று சிலர் கூறுவர். மொழியும் ஒரு தடையே. ஆனால் அது மட்டுமன்று. நம் வீடுகளுக்குக் காய்கறி வந்து சேரும் கோயம்பேடு சந்தையை எடுத்துக்கொள்வோம். அங்கே மூட்டை தூக்கியவர்களில் பலர் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்களே. 2020 மே 5-ஆம் தேதி நோய்ப் பரவல் காரணமாகச் சந்தை மூடப்பட்டது. வேலை போனவர்கள் ஊர் திரும்பினார்கள். கிருமியும் அவர்களோடு பயணம் செய்தது. அம்மாவட்டங்களில் நோயாளிகள் எண்ணிக்கை திடீரென ஏறியது. அறிவிப்பின் மொழி அவர்களுக்குப் புரிந்தது. ஆனால், தங்கினால் சோற்றுக்கு வழி என்ன?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்நாட்களில் நோயுற்றவர் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. சில இடங்களில் வாசலே தகரத்தால் அடைக்கப்பட்டது. காய்ச்சல் என்று சொன்னால் கொட்டகையிலுள்ள அத்தனை பேருக்கும் இரண்டு வாரக் கூலி போய்விடும் என்றால், நாட்கூலிக்காரர் காய்ச்சலை மறைக்கவே பார்ப்பார். மறைத்தால் என்ன ஆகும்? ஒருவர் இருவருக்கு நோயைக் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், ஐந்தாவது சுற்றில் மட்டும் 32 பேர் புதிதாக நோயுறுவர். சுகாதாரத் துறையின் கணக்கும் தவறிப்போகும். ஆகவே நம்பிக்கை என்பது இருவழிப் பாதை. மக்கள் அரசை நம்பினால்தான் அரசுக்கும் உண்மைத் தகவல் கிடைக்கும்.

அறிவுரை மாறும்போது காரணத்தைச் சொல்வதும் அவசியம். நலமாக உள்ள பொதுமக்கள் அனைவரும் முகக்கவசம் அணியவேண்டும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2020 ஏப்ரலில் கூறிய உலக சுகாதார நிறுவனம், ஜூன் 5-ஆம் தேதி தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. இடைவெளி விட முடியாத பொது இடங்களில் துணிக்கவசம் அணியலாம் என்றது. புதிய சான்று கிடைத்தால் முடிவை மாற்றுவதே அறிவியலின் முறை. ஆனால் காரணம் சொல்லாமல் மாற்றினால், அது சாதாரண மனிதருக்குப் புரட்டாகவே தோன்றும்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? நோய் வந்தபின் துண்டுப் பிரசுரம் அச்சடித்தால் போதாது. கொசு ஒழிப்புக்காகக் கட்டுமான இடங்களுக்கு மாநகராட்சிப் பணியாளர்கள் செல்கிறார்கள் அல்லவா? டெங்கு, மலேரியா காலங்களில் வந்து, காய்ச்சல் கண்டவருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, மருந்து கொடுத்து, மறுவாரம் வந்து நலம் விசாரித்தவரின் பேச்சு கொள்ளைநோய் வரும்போதும் எடுபடும். தொழிலாளரிடையே இருந்தே சிலருக்குப் பயிற்சி அளித்து, இந்தியிலும் வங்காளியிலும் ஒடியாவிலும் பேசச் செய்யலாம். நோயுற்றவருக்குத் தனியிடம், உணவு, இழந்த கூலி ஆகியவற்றுக்கு முன்கூட்டியே உறுதி அளிக்க வேண்டும்.

உங்கள் தெருவிலுள்ள டெங்கு எச்சரிக்கைப் பலகையை ஒருமுறை நின்று படியுங்கள். அது எந்தெந்த மொழியில் இருக்கிறது? அதில் சொன்னதை அடுத்த தெருக் கட்டடத்தில் தங்கியிருப்பவரால் செய்ய முடியுமா? முடியாது என்றால், "ஏன் அவர் நம்பவில்லை?" என்று கேட்பதற்கு முன், "நம்புவதற்கு நாம் என்ன செய்தோம்?" என்று கேட்பதே முறையாகும்.