சம்பளத்தைக் குறைத்தால் நிறுவனம் மீளுமா? அண்ணாமலைப் பல்கலை சொல்லும் பாடம்

மங்கலம்பேட்டையில் பத்துப் பேரை வைத்துக் கடை நடத்துபவருக்கும், அதே கடலூர் மாவட்டத்தின் சிதம்பரத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். வரவைவிட சம்பளச் செலவு ஏறினால், ஒருநாள் கல்லா காலியாகும்.

என்ன நடந்தது?

1929-ல் தொடங்கி, தனியார் நிர்வாகத்தில் இருந்த பல்கலைக்கழகம் இது. தேவைக்கு மேல் ஆள் எடுத்துக்கொண்டே போனதில், ஊழியர் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. 2012 இறுதியில் பணத் தட்டுப்பாடு முற்ற, நிர்வாகம் சம்பளக் குறைப்புப் பேச்சை எடுத்தது. ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினர்.

அரசு என்ன செய்தது?

முதலில் தலைமையை மாற்றியது. 2013 ஏப்ரலில் ஐஏஎஸ் அதிகாரி சிவ்தாஸ் மீனா நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு தனிச் சட்டம் மூலம் பல்கலைக்கழகம் அரசு வசமானது. பின்னர் உபரி ஊழியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற துறைகளுக்கும் அனுப்பப்பட்டனர்.

அப்போ, இது வெற்றியா?

பாதி வெற்றி. ஆயிரக்கணக்கானோரை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பாதது சரியான முடிவு. ஆனால் அவர்களின் சம்பளச் செலவு மறையவில்லை. அரசு கஜானாவுக்கு மாறியது, அவ்வளவுதான். நம்ம வரிப்பணம் அது.

மங்கலம்பேட்டை கடைக்காரருக்கு அப்படி ஒரு கஜானா கிடையாது. பதினோராவது ஆளை எடுக்கும்முன் அவர் வரவைப் பார்த்தே ஆக வேண்டும். தவறான முடிவு எடுப்பது நிர்வாகம். முதலில் குறைவது ஊழியர் சம்பளம் என்றால், அது சீர்திருத்தம் இல்லை.