சாட்சிக் கையெழுத்து

“இனிமேல் ப்ரோபேட் கிடையாது. உயிலை எடுத்து நீட்டினால் போதும், யாரும் எதுவும் கேட்க முடியாது.” சென்னையில் இருக்கும் மைத்துனர் குடும்பக் குழுவில் இதை அனுப்பியதும் வரிசையாகக் கைதட்டல் விழுந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதில் முதல் வாக்கியம் பாதி உண்மை. இரண்டாவது வாக்கியத்தை நம்புகிற குடும்பம் ஒருநாள் நீதிமன்ற வராந்தாவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

நடந்தது இதுதான். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 213 என்று ஒரு பிரிவு இருந்தது. சில ஊர்களில், சில மதத்தவர்கள் எழுதிய உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்து, முத்திரையிட்ட சான்று வாங்கினால்தான் அதை வைத்து உரிமை கோரலாம் என்றது அது. அந்தச் சான்றுதான் ப்ரோபேட். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. கட்டாயம் போயிற்று. ப்ரோபேட் போகவில்லை, விரும்புகிறவர்கள் இன்றும் மனுப் போடலாம்.

அந்தக் கட்டாயம் போனதில் எனக்கும் மகிழ்ச்சியே. இந்துக்களைப் பொறுத்தவரை அந்தக் கட்டாயத்தின் வேர் 1870இல் வந்த இந்து உயில்கள் சட்டத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்களின் பழைய ஆட்சி எல்லைகளான வங்காளம், சென்னை நகரம், பம்பாய் நகரம் ஆகியவற்றை மட்டும் அது பிடித்து வைத்திருந்தது. நான் இருக்கும் பெங்களூரு அந்த வட்டத்துக்குள் வரவில்லை. ஆனால் அல்சூரில் உட்கார்ந்து உயில் எழுதிய ஒருவருக்கு மயிலாப்பூரில் பாட்டன் வீடு ஒன்று இருந்தால், அந்த வீட்டுக்காகவே ப்ரோபேட் வாங்க வேண்டியிருந்தது. இங்கேயே ஃப்ரேசர் டவுனிலும் காக்ஸ் டவுனிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் கதை வேறு. 2002இல் திருத்தம் வரும்வரை அவர்களுக்கு இது கட்டாயமாகவே இருந்தது. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு நியாயம். அது ஒழிந்தது நல்லதே.

ஆனால் ‘யாரும் எதுவும் கேட்க முடியாது’ என்பது? வங்கியிலும் பங்கு நிறுவனத்திலும் அடுக்குமாடிச் சங்கத்திலும் கேட்பார்கள். பணம் போகிறது என்றால் கேட்கத்தான் செய்வார்கள். “நாமினி போட்டிருக்கிறதே” என்று சொல்ல வருகிறவர்களுக்கு இந்தப் பத்தியில் நான் பலமுறை எழுதியதையே மறுபடி எழுதுகிறேன்: நாமினி சொந்தக்காரர் அல்ல, பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்ப்பிக்கிற கை. ஆயுள் காப்பீட்டுக்கு இதை உச்ச நீதிமன்றம் 1983இலேயே சொன்னது. பங்குகளுக்கு 2023இல் சொன்னது. இன்னும் எத்தனை தடவை சொல்ல வேண்டுமோ தெரியவில்லை. இதைப் புரியவைக்காத முகவர்கள் மேலும், பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் கவுண்ட்டர்கள் மேலும் எனக்கு உள்ள கோபம் ஆறவே இல்லை.

இந்த வாரம் இது என்னை இவ்வளவு உறுத்துவதற்குக் காரணம் உண்டு. அடுத்த வாரம் மேயோ ஹால் நீதிமன்றத்துக்கு நான் சாட்சி சொல்லப் போக வேண்டும். எங்கள் பகுதியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் உயிலில் என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் காலமாகிவிட்டார். வழக்கு நடக்கிறது, ஆகவே யார், எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குள் எந்தத் தகராறும் இல்லை. பங்குகளை மாற்றித்தர ஒரு நிறுவனம் ப்ரோபேட் கேட்டது, மகள் மனுப் போட்டிருக்கிறார். “அங்கிள், அம்மா உயில்ல உங்க கையெழுத்து இருக்கு. இன்னொருத்தர் டாக்டர், அவர் இப்ப கனடாவுல. நீங்கதான் வரணும்” என்றார்.

மனுவுக்கு வேண்டியவை எல்லாம் முன்பே போய்விட்டன: மூல உயில், இறப்புச் சான்றிதழ், வம்சாவளி, கனடாவிலும் மைசூரிலும் இருக்கும் மற்ற பிள்ளைகளின் சம்மதம். உயில் தமிழில் என்பதால் மொழிபெயர்ப்பும் சேர்ந்தது. மனுவின் அடியில் சாட்சிகளில் ஒருவராக நானும் உறுதிமொழி எழுதிக் கொடுத்தாயிற்று. செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. மீதி இருப்பது நான் கூண்டில் ஏறுவது மட்டும்.

ஆட்சேபமே இல்லை என்றால் சாட்சி எதற்கு என்று மகளே கேட்டார். எதிர்ப்பே இல்லாவிட்டாலும் உயிலை மெய்ப்பித்தாக வேண்டும். விற்பனைப் பத்திரத்துக்கு எழுதிக் கொடுத்தவர் இருப்பார், கூப்பிட்டுக் கேட்கலாம். உயில் பேச ஆரம்பிப்பதே எழுதியவர் போன பிறகு. ‘இது நான் எழுதியதுதான்’ என்று சொல்ல அவர் வர முடியாது. அதனால்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது, உயிரோடு இருந்து வரக்கூடியவராக இருந்தால், நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 68ஆம் பிரிவு, 2023இன் புதிய சட்டத்தில் 67. 213ஐ எடுத்தவர்கள் இதைத் தொடவில்லை. மைத்துனரின் செய்தியில் விட்டுப்போன பாதி இதுதான்.

உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது என்று கேட்டு எழுதும் வாசகர்களுக்கு நான் சொல்லும் பட்டியலில் ஒரு தீர்ப்பும் உண்டு. வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மாஜம்மா. பக்கத்து மைசூர்ச் சீமை வழக்கு. லட்சுமம்மா என்ற அம்மாள் எழுதியதாகச் சொல்லப்பட்ட உயிலை, அதை நிறைவேற்றுபவராகக் குறிக்கப்பட்ட வெங்கடாசல ஐயங்கார் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். உயில் தயாரானதில் அவரே முன்னின்றிருந்தார், அதனால் வந்த நன்மையும் அவர் பக்கத்துக்கே கணிசமாக இருந்தது. விசாரணை நீதிமன்றம் உயிலை ஏற்றது, மைசூர் உயர் நீதிமன்றம் மறுத்தது. 1958 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்ததே சரி என்றது.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கஜேந்திரகட்கர். இன்றுவரை இந்தியாவில் உயில் வழக்குகளில் இதைச் சொல்லாமல் வாதம் நடப்பது அரிது. நான் இதைத் திரும்பத் திரும்பப் படிப்பது சட்டத்துக்காக மட்டும் அல்ல. இறந்துபோன ஒரு பெண்ணின் மனசில் உண்மையில் என்ன இருந்தது என்று ஒரு நீதிமன்றம் எவ்வளவு பொறுமையாகத் தேடுகிறது என்று பார்க்கத்தான். கையெழுத்து நடுங்கியிருக்கிறதா, மனம் தெளிவாக இருந்ததா, பங்கு பிரித்தது அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்துகிறதா, ஆதாயம் பெறுகிறவரே பக்கத்தில் நின்று எழுதவைத்தாரா: இப்படி ஒவ்வொரு சந்தேகத்தையும் எடுத்து வைத்து, அதை நீக்க வேண்டியவர் உயிலைக் கொண்டுவந்தவரே என்கிறது. கையெழுத்து உண்மையானது என்று காட்டினால் மட்டும் போதாது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து போட்டாரா என்பதும் நீதிபதிக்கு மனசார உறுதிப்பட வேண்டும். உயிலைப் பதிவு செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். பதிவு செய்திருப்பதாலேயே சந்தேகம் போய்விடாது என்று பிந்தைய வழக்குகளில் தெளிவாகவே வந்துவிட்டது.

இதைப் படித்திருந்ததால்தான் ஆசிரியை கூப்பிட்ட அன்று இரவே நடந்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். இந்த வாரம் அதை எடுத்துப் படித்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு உயிலை முதலிலிருந்து தாமே வாய்விட்டுப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் வீட்டின் கத்தா எண், அதாவது மாநகராட்சிச் சொத்துப் பதிவேட்டு எண், தப்பாக இருக்கிறது என்று நிறுத்தினார். பழைய வரி ரசீதை எடுத்துவந்து ஒப்பிட்டார். அந்தப் பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்து கொண்டுவந்த பிறகுதான் பேனாவைத் தொட்டார். பிள்ளைகள் யாரும் வீட்டில் இல்லை. அவர் போட்டதும் நான் போட்டேன். டாக்டர் கிளினிக்கை முடித்துக்கொண்டு பிறகு வந்தார். அவரிடம் தம் கையெழுத்தைக் காட்டி “இது நான் போட்டது” என்றார் டீச்சர். அவர் எதிரிலேயே டாக்டரும் போட்டார்.

சட்டத்துக்கு இது போதும். வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இரண்டு சாட்சிகள் கேட்கிறது. ஒவ்வொருவரும் எழுதியவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தம்முடையதுதான் என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அவர் முன்னிலையில் போட்டிருக்க வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்று எங்கும் இல்லை.

வக்கீல் அலுவலகத்திலிருந்து, சாட்சியத்துக்காக நான் கொடுக்க வேண்டிய அஃபிடவிட்டின் வரைவு வந்தது. அதில் டீச்சர் இல்லை. ‘நல்ல உடல்நிலையிலும் தெளிந்த மனநிலையிலும், யாருடைய தூண்டுதலும் இன்றி’ என்று ஆயிரம் உயில்களுக்குப் பொருந்தும் வாக்கியம் இருந்தது. கத்தா எண்ணைக் கண்டுபிடித்த மூளையை விடவா ‘தெளிந்த மனநிலை’ என்ற சொற்கள் அதிகம் சொல்லிவிடும்? அந்தச் சம்பவத்தைச் சேர்க்கச் சொன்னேன். “அதெல்லாம் வழக்கமா போடறதில்ல சார், குறுக்கு விசாரணைன்னு வந்தா சொல்லிக்கலாம்” என்றார் ஜூனியர். ஆட்சேபமே இல்லாத மனுவில் குறுக்கு விசாரணை எங்கிருந்து வரும்? அந்தக் காலை நேரம் எந்தக் காகிதத்திலும் ஏறாமலே போய்விடும். பேசினேன், கடைசியில் சேர்த்துக்கொண்டார். நல்ல பையன், கேட்கிற காது இருக்கிறது.

நீதிமன்றத்தில் உயிலை எக்ஸ் பி 1 என்று குறிப்பார்கள். பிறகு அதிலிருக்கும் ஒவ்வொரு கையெழுத்தையும் காட்டி யாருடையது என்று கேட்டு, ஏ, பி என்று அடையாளம் போடுவார்கள். டீச்சரின் தமிழ்க் கையெழுத்தும் என்னுடையதும் டாக்டருடையதும் அப்படித்தான் பதிவேட்டில் ஏறும். என்னால் அடையாளம் சொல்ல முடிகிறது, ஏனென்றால் எனக்கு அவரைத் தெரியும். சார்பதிவாளர் அலுவலக வாசலில் நிற்கிறவர்களைக் கூப்பிட்டு ‘இங்கே ஒரு கையெழுத்து’ என்று வாங்கிக்கொண்டு போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். முப்பது வருஷம் கழித்து அந்த ஆளை எங்கே போய்த் தேடுவார்கள்? சொத்து விவரத்துக்கு நான்கு பக்கம் எழுதுகிறவர்கள் சாட்சிக்கு ஒரு பெயர், படிக்க முடியாத ஒரு கிறுக்கல், அவ்வளவோடு விட்டுவிடுகிறார்கள். உங்களைவிட வயதில் இளையவராக, உங்களை அறிந்தவராக, உயிலால் ஒரு ரூபாயும் பெறாதவராகப் பாருங்கள். முழு முகவரியும் தகப்பனார் பெயரும் எழுதவையுங்கள். அவரிடம் உயிலின் உள்ளடக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒருநாள் நீதிமன்றம் வர வேண்டியிருக்கும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். சாட்சிகள் இருவருமே போய்விட்டால் சட்டம் கையை விரித்துவிடுவதில்லை. அவர்களில் ஒருவருடைய கையெழுத்தையும் எழுதியவருடைய கையெழுத்தையும் அறிந்தவர்களை வைத்து மெய்ப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் கத்தா எண் கதை வராது.

வரைவில் இன்னொரு வரியும் இருந்தது. ‘நானும் மற்றொரு சாட்சியும் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட்டோம்’ என்று. எல்லா அஃபிடவிட்டிலும் இருக்கும் வரிதான், வைத்துக்கொண்டால் சுலபம் என்கிறார் ஜூனியர். நடந்தது அது இல்லை. நாளை டாக்டரிடம் காணொலியில் கேட்டால் அவர் நடந்ததைத்தான் சொல்வார். எங்கள் இரண்டு பேச்சும் மோதினால் சந்தேகம் போய் விழுவது டீச்சரின் கையெழுத்தின் மேல். அந்த வரியை அடித்துவிட்டு, டாக்டர் பிறகு வந்ததை உள்ளபடி எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். திருத்திய பிரதி திங்கட்கிழமை வரும்.