கொள்ளு மூட்டை

என் காரின் முன்சீட்டில் எப்போதும் ஒரு கொள்ளு மூட்டை கிடக்கும். பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு காலை வெட்டி, இரண்டு முனையையும் தைத்து, உள்ளே இரண்டு கிலோ கொள்ளு. பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் பையன் ஒருமுறை, "மாட்டுக்கா சார்?" என்று கேட்டான். ஒரு வகையில் மாட்டுக்குத்தான். கார்க் கண்ணாடியை இறக்கி, கதவு விளிம்பில் மூட்டையைப் போட்டு, அதன்மேல் லென்ஸை அழுத்தி வைத்தால் கைநடுக்கம் படத்தில் ஏறாது. இதற்கென்றே பை தைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். மணல் போட்டால் தூசு கேமராவுக்குள் போகும், அரிசி போட்டால் வண்டு வரும். கொள்ளு உத்தமம். ஒரு மழைநாளில் வீட்டில் கொள்ளு ரசம் மணத்தது, மறுநாள் மூட்டை கொஞ்சம் இளைத்திருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை.

இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் என் கல்லூரி நண்பர். ஜோகன்னஸ்பர்க்கில் வாடகைக்குக் கார் எடுத்து, குரூகர் தேசியப் பூங்காவில் ஆறு நாள் தானே ஓட்டிக்கொண்டு சுற்றிவிட்டு வந்தவர். ஜீப்பும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. நம் ஊர்க் கால்டாக்சி மாதிரி ஒரு சின்னக் கார். தென்னாப்பிரிக்காவிலும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் அதிலும் சிரமமில்லை. பூங்காவின் பரப்பு 19,485 சதுர கி.மீ. நம் சேலம் மாவட்டத்தைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். 1926இல் தேசியப் பூங்காவாக அறிவித்து, அடுத்த ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு உள்ளே போனவை மொத்தம் மூன்று கார்கள்.

சிங்கக் கதை கேட்கலாம் என்று உட்கார்ந்தேன். நண்பர் சட்டக் கதை சொன்னார். தார் ரோட்டில் 50 கி.மீ. வேகம், மண் ரோட்டில் 40. கேட் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் மாதத்துக்கு மாதம் மாறும். மூடிய பிறகு வந்தால் அபராதம். குறிப்பிட்ட சில இடங்கள் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக்கூடாது. எந்தப் பிராணிக்கும் தீனி போடக்கூடாது. "இறங்கக்கூடாதுங்கறதுதான்டா எல்லாம்" என்றார். "அதுங்களுக்குக் காரும் ஒரு பெரிய பிராணி மாதிரி. பழகிப்போச்சு. கதவைத் தொறந்து நீ காலைக் கீழ வெச்சேன்னா அப்பதான் மனுசன் வந்துட்டான்னு தெரியுது. ஒண்ணு ஓடும், இல்ல உன்னை ஓட வைக்கும்."

நம் புலிகள் காப்பகங்களில் இப்படி நாமே ஓட்டிப்போகும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. முதுமலை என்றால் தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் ஏற வேண்டும். சொந்தக் காருக்கு நெடுஞ்சாலை மட்டும். அதிலும் நடுவில் நிறுத்தக்கூடாது, பந்திப்பூர் பக்கம் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போகவே முடியாது. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. 321 சதுர கி.மீ. காட்டில் ஆளாளுக்குக் காரை விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஆனால் குரூகர் போகக் காசில்லாத, முதுமலையில் நிறுத்தி நிதானமாகப் படமெடுக்க முடியாத என் போன்ற சேலத்துக்காரனுக்கு ஒரு வழி இருக்கிறது. கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு.

சேர்வராயன் மலையில் சரணாலயம் இல்லை, காப்புக்காடுகள்தான் உண்டு. யானையையும் புலியையும் நினைத்துக்கொண்டு யாரும் இங்கே வர வேண்டாம். 1820களில் கலெக்டர் எம்.டி.காக்பர்ன் காப்பிச் செடியை இங்கே கொண்டுவந்தார். அதிலிருந்து மலையின் பெரும்பகுதி காப்பிக்காடுதான். ஆனால் காப்பிக்குச் சில்வர் ஓக் நிழல் வேண்டும், ஓடைத் தண்ணீர் வேண்டும். செடிக்கு நடுவே புல்லும் முளைக்கும். இந்த மூன்றும் இருக்கிற இடத்தைத் தேடி இன்னொருவரும் வருவார். செய்தித்தாள்கள் அவரைக் காட்டெருமை என்று எழுதுகின்றன. எருமைக்கும் அவருக்கும் நெருங்கிய சொந்தம் இல்லை, மாட்டினம். பைசன் என்பதும் தவறு. அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பது. சங்கப் புலவர்கள் ஆமா என்று சரியாகத்தான் சொன்னார்கள், நாம்தான் தொலைத்துவிட்டோம். நான் காட்டுமாடு என்கிறேன். வளர்ந்த காளை ஒன்று ஆயிரம் கிலோ வரை வரும், தோள் உயரம் ஆறடியைத் தொடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்ந்து இருப்பது. ஏற்காட்டில் அது பஸ் போகிற ரோட்டில் நிற்கும்.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன்பே கிளம்பினேன். வளைவுகளெல்லாம் ஏறி முடித்த இடத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது கண்ணாடியை ஏற்ற மறந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஒரு கிழட்டுக் குரங்கு என் கொள்ளு மூட்டையைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் கையை ஓங்கினேன். அது மூட்டையைப் பல்லால் ஒரு இழுப்பு இழுத்தது. இரண்டு கிலோ கொள்ளும் தார் ரோட்டில் சலசலவென்று கொட்டியது. எங்கிருந்துதான் வந்தனவோ, இருபது குரங்குகள். குரங்குக்குத் தீனி போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். டீக்கடைக்காரர், "விடுங்கண்ணா, அதுங்களுக்கும் ஞாயித்துக்கெழம" என்றார்.

ஏரிக்கரையில் தொடங்கி ஏரிக்கரைக்கே திரும்பி வரும் லூப் ரோடு 32 கி.மீ. இருபுறமும் காப்பித் தோட்டம், சின்னச் சின்ன ஊர்கள். நான் அதில் இருபது கி.மீ. வேகத்துக்கு மேல் போவதில்லை. ரொம்ப நேரம் எதுவும் தென்படவில்லை. இதுவும் சபாரியில் சேர்த்திதான். குரூகரிலும் ஒருநாள் முழுக்க மான் மட்டுமே பார்த்ததாக நண்பர் சொன்னார். இப்படிச் சும்மா ஓட்டும்போதெல்லாம் எனக்குக் காட்டுயிர் எழுத்தாளர் மா.கிருஷ்ணன் ஞாபகம் வரும். நாவலாசிரியர் மாதவையாவின் மகன், சென்னைவாசி. பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டி, அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்தவர். கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார், யானை மேலிருந்தும் எடுத்தார். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இல் தொடங்கிய பத்தியை 46 ஆண்டுகள் விடாமல் எழுதினார். கடைசிப் பத்தி வந்த அன்றுதான் இறந்தார், 1996 பிப்ரவரி 18. வாரம் ஒரு பத்திக்கே பெருமூச்சு விடுகிற எனக்கு அவர் பெயரைச் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான்.

ஒரு வளைவு திரும்பியதும் நடு ரோட்டில் மாடு. முப்பது மீட்டர் இருக்கும். என்ஜினை அணைத்தேன். என்ஜின் ஓடினால் கார் முழுக்க அதிரும், மூட்டை இருந்தாலும் படம் கலங்கும். மூட்டைதான் இல்லையே. சால்வையைச் சுருட்டிக் கதவில் வைத்தேன்.

காட்டுமாட்டைப் படமெடுப்பதில் ஒரு வம்பு உண்டு. அதன் உடம்பு கரிக்கட்டை, முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்டதுபோல் இருக்கும். நிற்பதோ காப்பி நிழலில். கேமரா அவ்வளவு கறுப்பைப் பார்த்து, இருட்டாக்கும் என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிக்கொடுக்கும். உடம்பு சாம்பல் பூத்துப்போகும், கால் வெள்ளைத்தாளாகிவிடும். ஆகவே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். ஆப்பிரிக்கப் புல்வெளியில் தொல்லை தூரம். இங்கே இலை. கொம்பு தெரிந்தால் கண் தெரியாது, கண் தெரிந்தால் நடுவில் ஒரு காப்பிக் கிளை.

முதலில் நின்றது ஒரு வயதான பசு. இடக்கொம்பின் நுனி ஒடிந்திருந்தது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக நான்கு மாடுகள் ரோட்டைக் கடந்து கீழ்த் தோட்டத்தில் இறங்கின. பசு மட்டும் நகராமல் மேட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை.

அப்போது எதிர்ப்பக்கம் ஒரு கார் வந்து நின்றது. நான்கு கதவும் ஒன்றாகத் திறந்தன. மூன்று இளைஞர்கள், ஒரு அப்பா. ஒருவன் மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பி எடுத்தான். இன்னொருவன், இன்னும் கிட்டே போ என்று சைகை காட்டினான். பசு மூக்கால் சீட்டி போல ஒரு காற்றை விட்டது. அந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத் தெரியும், முதுகுத்தண்டில் ஓடும்.

ரோட்டோரம் சாக்குப் பையோடு மிளகு பறிக்கப் போய்க்கொண்டிருந்த ஆயா ஒருவர் அங்கேயே நின்றார். அதட்டவில்லை, கையை ஆட்டவும் இல்லை. தணிந்த குரலில், "வண்டிக்குள்ள ஏறுங்க சாமி. கன்னு மேல நிக்குது. நீங்க நடுவால நிக்கறீங்க" என்றார். அப்புறம்தான் பார்த்தேன். மேட்டில், செடி மறைவில், செம்பழுப்பு நிறத்தில் ஒரு கன்று, இறங்கப் பயந்துகொண்டு. அப்பாவுக்குச் சட்டென்று புரிந்தது. பையன்களை இழுத்து உள்ளே தள்ளினார். கதவுகள் சாத்திக்கொண்டன. "வெத்தல போடற நேரம் குடு, அது தானா போயிரும்" என்றார் ஆயா, யாரைப் பார்த்தும் இல்லாமல். அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. கன்று சறுக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கியது, தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது, இரண்டும் போய்விட்டன.

ஆயா என் கார் பக்கம் வந்தார். "புடிச்சியா கண்ணு? காட்டு." கேமராவின் திரையைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒடஞ்ச கொம்புக்காரி. போன வருசம் இவளுக்குக் கன்னு தங்கல" என்றார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நடையைக் கட்டினார்.

குரூகரில் பலகை போட்டு, அபராதம் வாங்கிச் சொல்லிக்கொடுப்பதை இந்த மலையின் தோட்டத்து ஆட்கள் யாரும் சொல்லாமலே கடைப்பிடிக்கிறார்கள். அந்த மாடுகளோடுதான் தினமும் வேலைக்குப் போகிறார்கள், வழி விட்டு வழி வாங்கத் தெரியும். தெரியாதவர்கள் கீழேயிருந்து போகிற நாம்தான். முதுமலையில் நம்மை வேனில் ஏற்றிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். இங்கே ஸ்டீயரிங் நம் கையில், கதவும் நம் கையில். சரணாலயம் இல்லை என்பதால் இது காடில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படி நினைத்துப் பல தடவை இறங்கியிருக்கிறேன். அன்று இறங்காமல் உட்கார்ந்திருந்தது நல்லொழுக்கத்தால் அல்ல, நண்பரின் சட்டக் கதை ஞாபகத்தில் இருந்ததால்.

எடுத்ததில் தேறியது ஒரே படம். அதிலும் கன்றின் பாதியைக் காப்பிச் செடி மறைத்துக்கொண்டிருக்கிறது.

லூப் ரோட்டில் ரிசார்ட்டுக்கு வழி காட்டும் பலகைகளுக்குக் குறைவில்லை. "மாடு நின்றால் காரை விட்டு இறங்காதீர்கள்" என்று ஒன்றுகூட அன்று என் கண்ணில் படவில்லை. வனத்துறையோ ஊராட்சியோ, மே மாதக் கோடை விழாக் கூட்டம் மலையேறுவதற்குள் நாலு இடத்தில் அதை எழுதி வைத்தால் நல்லது. பெரிய செலவில்லை. பலகை வரும்வரை, ஏற்காடு போகிறவர்கள் கதவைச் சாத்தியே வைத்திருங்கள். டீக்கடையில் நிறுத்தினால் கண்ணாடியையும் ஏற்றிவிடுங்கள்.