சர்வரின் உள்ளமைப்பும் மாணவர் கடமையும்

கண்ணுக்குப் புலனாகும் பொருளைப் புகழ்தலும், அதனைத் தாங்கி நிற்பதை மறத்தலும் மக்கட்கு இயல்பு. ஒருவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தபடியே கைபேசியைத் தொட்டு, தம் வங்கிக் கணக்கினின்றும் மற்றொருவர் கணக்கிற்குப் பணம் அனுப்புகின்றார். கைபேசியின் அழகிய திரையை அவர் அறிவார். வங்கியின் பெயரையும் அறிவார். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, வந்தவர் யாரென வினவி, அவர் வேண்டியதைச் செய்து, செய்ததைக் கணக்கிலேற்றி, விடை கூறி அனுப்பும் பணியாளனை அவர் அறியார். அவர் அறியாமை குற்றமன்று. அப்பணியாளனுக்குக் கட்டளை எழுதுதலையே தொழிலாகக் கொள்ளப்போகும் மாணவரும் அவனை அறியாதிருத்தலே குற்றம் என்பது எமது கருத்து.

அப்பணியாளனையே அப்ளிகேஷன் சர்வர் என்கின்றனர். ஜாவா மொழியைச் சார்ந்த சர்வரின் அமைப்பை ஈண்டு ஒருவாறு விளக்கி, அதனைக் கற்றல் இன்றும் வேண்டற்பாலதே என நிறுவப் புகுகின்றோம். இது குறித்து மாணவரிடையே இருவகைக் கொள்கைகள் வழங்குகின்றன. “அது பழையது, அதன் காலம் கழிந்தது” என்பர் ஒரு சாரார். “அது தன் வேலையைத் தானே செய்யும்; உள்ளே புகுந்து பார்த்தல் வீண்” என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தாமையைக் காட்டுவாம்.

முதற்கண் அதன் வரலாறு. பலர் ஒரே நேரத்தில் ஒரே கணக்கேட்டைத் தொடும் தொழில்களுக்கு இடையாள் ஒருவன் வேண்டும் என்பது புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனத்தாரின் சி.ஐ.சி.எஸ். என்னும் மென்பொருள் 1969ஆம் ஆண்டிலேயே பெருங்கணினிகளில் இத்தொண்டினைச் செய்யத் தொடங்கியது. ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் நிறுவனத்தார் ஜாவாவை 1995இல் வெளியிட்டனர். இணையம் பரவப் பரவ, முன்பு பெருவங்கிகளுக்கு மட்டுமே நேர்ந்த இடர்ப்பாடு சிறு கடைகளுக்கும் நேர்ந்தது. அதனைத் தீர்த்தற்பொருட்டு 1999ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஜே2இஇ என்னும் தொகுப்பு வெளிவந்தது. இஃது ஒரு பண்டமன்று, விதிகளின் தொகுதி. அவ்விதிகட்கு இணங்க வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ் முதலிய சர்வர்கள் அமைந்தன. ஒன்றிற்கென எழுதிய நிரல் மற்றொன்றிலும் இயங்கவேண்டும் என்பது நோக்கம். அந்நோக்கம் முற்றும் நிறைவேறிற்று என்று கூறுவதற்கில்லை; ஆயினும், ஒரு நிறுவனத்தின் விருப்பத்திற்கு மற்றெல்லோரும் அடிமையாகாதபடி விதியை நடுவில் வைத்தது நல்ல முறையே.

நிற்க. இவ்வமைப்பின் அடிப்படைக் கருத்து ஒன்றே. ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய தனி வேலை வேறு. எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான வேலை வேறு. வட்டி கணக்கிடுதல் வங்கிக்கு உரியது. பயணச்சீட்டு வழங்குதல் இருப்புப்பாதைக்கு உரியது. வந்தவரை வரிசைப்படுத்துதல், அவரது உரிமையைச் சோதித்தல், தரவுத்தளத்தோடு தொடர்பு கொள்ளுதல், செய்த செயலை முழுமையாக நிலைநாட்டுதல் ஆகியவை இருவர்க்கும் பொது. தனி வேலையை நிரலர் எழுதுக. பொது வேலையைச் சர்வர் ஏற்றுக்கொள்க என்பதே அப்பாகுபாடு. நிரலைத் தன்னகத்தே தாங்கி இப்பொது வேலைகளைச் செய்யும் பகுதியைக் கண்டெய்னர், அஃதாவது கொள்கலம் என்று வழங்குவர்.

சர்வரின் வாயிலில் வேண்டுகோள்களை ஏற்கும் பகுதி நிற்கின்றது. அதன் பின்னே த்ரெட் எனப்படும் ஏவலாளர் குழு காத்திருக்கின்றது. வேண்டுகோள் ஒன்று வந்ததும் ஓர் ஏவலாள் அதனை ஏற்று, முடிவுவரை உடன்சென்று, மீண்டும் குழுவிற் சேர்வான். டாம்கேட் என்னும் புகழ்பெற்ற வலைக் கொள்கலத்தில், நாம் வேறு கூறாவிடின், இவ்வாளர் தொகை 200 வரை செல்லும். அடுத்தது ஸர்வ்லெட் என்னும் பகுதி. ஈண்டு முதற் பொறி உளது. ஸர்வ்லெட் பொதுவாக ஒன்றே, ஏவலாளர் பலர். அவ்வொன்றினுள் ஒரு பயனரின் பெயரை மாறியாக எழுதிவைத்த நிரலர், அடுத்த நொடியில் வேறொருவர் பெயர் அதன்மேல் எழுதப்படுதலைக் காண்பார். சோதனைக்கூடத்தில் ஒருவர் மட்டும் இயக்கும்போது இப்பிழை தோன்றாது. நூறு பேர் வரும் நாளிலேதான் ஒருவர் கணக்கு மற்றொருவர் திரையிற் காணப்படும்.

ஸர்வ்லெட்டிற்கு அப்பால் பீன் என்னும் தொழிற்கூறுகள் உள்ளன. அவற்றை அழைப்பவர் உண்மையான பீனை அடைவதில்லை. அதன் உருக்கொண்டு முன்னே நிற்கும் பதிலாளையே அடைகின்றனர். அப்பதிலாள் முதலில் உரிமையைச் சோதிக்கின்றான். பின்னர் டிரான்ஸாக்ஷன் என்னும் பரிமாற்றத்தைத் தொடங்குகின்றான். அதன் பின்னரே உள்ளே அனுப்புகின்றான். திரும்பும்போது பரிமாற்றத்தை நிலைநாட்டுகின்றான், அல்லது அழித்துவிடுகின்றான். நிரலர் இதற்கென ஒரு வரியும் எழுதவேண்டுவதில்லை. இஃது எத்துணை வசதியோ, அத்துணை ஆபத்தும் உடைத்து. ஒரு பீனின் உள்ளிருக்கும் செயல்முறை தன் பக்கத்துச் செயல்முறையை நேரே அழைக்குமாயின், அவ்வழைப்பு பதிலாளின் வழிச் செல்வதில்லை. பின்னதற்கெனத் தனிப் பரிமாற்றம் வேண்டுமென்று எழுதியிருந்தாலும் அது தொடங்கப்படாது. வாயிற்காவலன் வாயிலின்வழி வருவோரையே அறிவான். வீட்டினுள் அறைக்கு அறை நடப்போரை அவன் எங்ஙனம் அறிவான்?

இதனினும் கொடியது மற்றொன்று உண்டு. முதற்கணக்கில் 1000 ரூபாய் கழிக்கப்பட்டது என்க. அடுத்த கணக்கில் அதனைச் சேர்க்கப் புகும்போது, அக்கணக்கு மூடப்பட்டிருத்தலைக் கண்டு நிரல் ஒரு பிழையறிவிப்பை எழுப்புகின்றது. பரிமாற்றம் தானே அழிந்துவிடும் என்று மாணவர் நம்புவர். ஆனால் விதி யாது கூறுகின்றது? ஜாவாவில் பிழையறிவிப்பு இருவகைப்படும். எழுதும்போதே எதிர்பார்த்து அறிவிக்கவேண்டிய வகையைச் சர்வர் தொழிலின் இயல்பான நிகழ்ச்சியாகக் கருதி, வேறு கட்டளை இல்லாவிடின், அதுவரை செய்ததை நிலைநாட்டிவிடும். எதிர்பாராத வகை எழும்போது மட்டுமே தானாக அழிக்கும். ஆகவே, முதற்கணக்கில் 1000 ரூபாய் குறைந்தது குறைந்ததுதான்; இரண்டாம் கணக்கை அஃது அடையவுமில்லை. இழந்தவர் ஒரு முதிய தாயாயின், அவருக்கு யார் விடை கூறுவர்? சர்வர் பிழை செய்யவில்லை, விதிப்படியே நடந்தது. விதியை அறியாது எழுதியவரே பிழை செய்தார். பின்னர்த் தோன்றிய ஸ்பிரிங் என்னும் அமைப்பிலும் இவ்விதி இயல்பாக இங்ஙனமே உளது என்பதைப் புதுமை விரும்பும் நண்பர் கருதுவாராக.

தரவுத்தளத் தொடர்பிற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு முறையும் புதுத் தொடர்பு திறத்தல் காலத்தை விழுங்கும். ஆதலின் சர்வர் சில தொடர்புகளைத் திறந்தே வைத்து, வேண்டுவோர்க்கு இரவல் கொடுக்கின்றது. ஜேபாஸின் வழித்தோன்றலாகிய வைல்ட்ஃபிளையில், நாம் மாற்றாவிடின், இவ்வகைத் தொடர்புகள் 20க்கு மேற்படா. இரவல் வாங்கியவர் திருப்பித் தாராவிடின், இருபது பிழைகளில் களஞ்சியம் வறிதாகும். எஞ்சிய ஏவலாளர் அனைவரும் கைகட்டி நிற்பர். வெளியே நிற்போர்க்குச் சர்வர் இறந்ததுபோலத் தோன்றும். அறியாதார் அதனை நிறுத்தி மீண்டும் தொடங்குவர்; சிறிது நேரம் நன்றாக ஓடும்; மறுநாள் அதே நோய்.

தரவுத்தளம் ஒன்றாகவும் செய்தி வரிசை மற்றொன்றாகவும் இருந்து, இரண்டிலும் ஒருங்கே செயல் நிறைவேற வேண்டுமாயின், சர்வர் பத்திரப் பதிவாளரைப்போல நடக்கின்றது. முதலில் ஒவ்வொருவரையும், “நீ ஆயத்தமா?” என வினவுகின்றது, எல்லோரும் இசைந்த பின்னரே தன் முடிவைக் குறிப்பேட்டில் எழுதி, நிறைவேற்றக் கட்டளையிடுகின்றது. ஒருவர் மறுப்பினும் பத்திரம் செல்லாது. முடிவை எழுதியபின் சர்வர் விழுந்தாலும், எழுந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். இசைவு தெரிவித்தவர் அதுவரை தம் பூட்டுகளை விடாது காத்திருக்கவேண்டியதே இம்முறையின் விலை.

இனி, “பழையது” என்பாரின் வழக்கை ஆராய்வாம். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 1998இல் முதலில் வெளிவந்த ஈஜேபி விதிகள் நிரலரைப் பெரிதும் வருத்தின. ஒரு சிறு பீனுக்கே இரண்டு இடைமுகங்களும், ஒரு வகுப்பும், விவரக் கோப்பும் எழுதவேண்டியிருந்தது. சுமையைக் குறைக்கவந்த பணியாளனே சுமையாயினான். ராட் ஜான்சன் என்பார் 2002இல் வெளியிட்ட நூலில் இக்குறைகளை எடுத்துக்காட்டினார். அதிற் பிறந்த கருத்துக்களால் ஸ்பிரிங் அமைப்பின் முதற் பதிப்பு 2004இல் தோன்றியது. விதி வகுத்தோரும் செவிசாய்த்து, 2006ஆம் ஆண்டின் ஜாவா இஇ 5இல் அச்சுமையைப் பெரிதும் நீக்கினர். 2014இல் ஸ்பிரிங் பூட் வெளிவந்தபின், சர்வருக்குள் நிரலை வைக்கும் வழக்கம் குறைந்து, நிரலுக்குள்ளேயே சர்வரை வைக்கும் வழக்கம் மிகுந்தது.

ஆயினும் மறைந்தது யாது? பெரிய மாளிகையில் நின்ற பணியாளன் சிறிய வீட்டிற்குக் குடிபெயர்ந்தான், அவ்வளவே. ஸ்பிரிங் பூட்டைத் திறந்து பார்ப்பவர், அதனுள் பெரும்பாலும் டாம்கேட்டையும், அதே ஏவலாளர் குழுவையும், அதே தொடர்புக் களஞ்சியத்தையும், அதே பதிலாளையும் காண்பார். 2023இல் வந்த ஜாவா 21, மிக இலேசான த்ரெட்டுகளைத் தந்து ஏவலாளர் பஞ்சத்தை ஒருவாறு தீர்த்தது. தரவுத்தளத் தொடர்புகளின் எல்லையை அது நீக்கவில்லை. பழைய விதித்தொகுதியும் மடியவில்லை. ஆரகிள் நிறுவனத்தார் 2017இல் அதனை எக்ளிப்ஸ் அறநிறுவனத்திற்கு அளிக்க முன்வந்தனர். 2018இல் அது ஜகார்த்தா இஇ எனப் பெயர் பெற்றது. 2020இல் அதன் உட்பெயர்களிலும் ‘ஜாவாக்ஸ்’ என்பது ‘ஜகார்த்தா’ என மாறியதால், பழைய நிரல்களைத் திருத்தும் வேலை உலகெங்கும் எழுந்தது. பெயர் மாறிற்று, உள்ளமைப்பின் நியாயம் மாறவில்லை.

“வண்டி ஓட்டுபவன் எந்திரத்தின் உள்ளுறுப்புக்களை அறியவேண்டுமோ?” என்று இரண்டாம் சாரார் வினவுவர். நிரலர் வண்டி ஓட்டுபவர் மட்டுமல்லர். பிறர் ஏறிச் செல்லும் வண்டிக்குத் தடை எப்பொழுது பிடிக்கவேண்டும் என்று விதிப்பவருமாவர். கணக்குப்பிள்ளையை அமர்த்திய வணிகர் கணக்கை ஒவ்வொரு நாளும் எழுதவேண்டுவதில்லை. ஆனால் பேரேட்டைப் படிக்கத் தெரியாதவர் ஒருநாள் கடையை இழப்பர்.

ஆதலின் எமது வேண்டுகோள் இது. சர்வரின் அடுக்குகள் எத்தனையென நெட்டுருச் செய்து தேர்வுத்தாளில் ஒப்பித்தல் கல்வியன்று. ஒவ்வொரு வகுப்பினரும் ஒரு பருவத்தில் சிறு சர்வர் ஒன்றைத் தம் கையாலேயே ஆக்கிப் பார்க்க. ஒரு வாயில், ஒரு வரிசை, நான்கு ஏவலாளர், ஐந்து தொடர்புகள் போதும். ஜாவா மொழியிலேயே பதிலாள் அமைக்கும் கருவி உண்டு. சில நூறு வரிகளில் வேலை முடியும். பின்னர் ஒரு தொடர்பைத் திருப்பித் தாராமல் வைத்துச் சர்வர் எங்ஙனம் திணறுகின்றது எனக் காண்க. பணம் மாற்றும்போது இடையில் பிழையெழுப்பிக் கணக்கு நேராகின்றதா எனப் பார்க்க. ஆசிரியர்களும் இதற்கு நேரம் ஒதுக்கி உதவுவாராக.

நாம் எழுதும் வரிகளை நம்பித் தம் சம்பளத்தையும், மருத்துவத்திற்கென வைத்த சேமிப்பையும் ஒப்படைப்போர் நம்மை ஒருநாளும் காணார். காணாதவர்க்கும் உண்மையாயிருத்தலே நம் கல்லூரி நமக்குக் கற்பிக்கும் தொண்டு. அத்தொண்டிற்கு நம்மைத் தகுதியாக்கிக்கொள்ள எல்லாம் வல்ல இறைவன் துணைநிற்பானாக.