தொண்டுக்கு ஏது வெளியூர்?

பிழைக்க வந்தவர்கள் என்று நம்மைச் சொல்கிறார்கள். சொல்லட்டும், அதில் இழிவு ஒன்றுமில்லை. உழைத்து உண்பவன் எவனும் எங்கேயும் தலை குனிய வேண்டியதில்லை. ஆனால், வந்த ஊரில் பிழைப்பைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறோமா, அந்த ஊரின் இன்ப துன்பங்களிலும் பங்கு கொள்கிறோமா என்ற கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்துவிட்டுப் போனவர் கேப்டன் லட்சுமி. 2012 ஜூலை 23 அன்று, தமது 97-வது வயதில், கான்பூர் நகரில் அவர் கண் மூடினார். ஜூலை மாதம் வரும்போதெல்லாம் அந்த அம்மையாரை நினைப்பது நமது கடமை.

1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தவர் அவர். தந்தையார் சுவாமிநாதன் பெயர் பெற்ற வழக்கறிஞர். தாயார் அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் இடம் பெற்றவர். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த வீடு. 1938-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் சென்னையிலேயே சுகமாகத் தொழில் நடத்தியிருக்கலாம். 1940-ல் சிங்கப்பூர் சென்றார். அங்கே அவர் யாருக்கு வைத்தியம் பார்த்தார்? இந்தியாவிலிருந்து கூலி வேலைக்குப் போய் அல்லலுற்ற ஏழைகளுக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு!

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். பெண்களும் துப்பாக்கி ஏந்த வேண்டும் என்றார். அந்த அழைப்பை ஏற்று ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கினார் லட்சுமி. ஆசாத் ஹிந்த் அரசில் ஒரே பெண் அமைச்சராகவும் இருந்தார். அந்தப் படையில் சேர்ந்தவர்கள் யார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் அதில் மிகுதி. இந்திய மண்ணை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் பலர். பார்த்திராத தாய்நாட்டுக்காக அவர்கள் உயிரைக் கொடுக்க முன்வந்தார்கள். சாதி பார்க்காமல், மதம் பார்க்காமல் ஒரே பந்தியில் உண்டார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் இவர்களுக்கு எத்தனை வரி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள், மனம் கசந்துபோகும்.

1945-ல் பர்மாவில் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட லட்சுமி, 1946-ல் இந்தியா கொண்டுவரப்பட்டார். 1947 மார்ச்சில், நேதாஜியின் படைத் தளபதிகளில் ஒருவரும் செங்கோட்டை வழக்கில் நின்றவருமான பிரேம் சேகலை லாகூரில் மணந்தார். கணவருடன் கான்பூரில் குடியேறினார். மொழி வேறு, உணவு வேறு, பழக்கவழக்கம் வேறு. இரண்டு பெண் குழந்தைகளை வளர்த்தார். குடும்பம் இருக்கிறது, நமக்கேன் ஊர் வேலை என்று ஒதுங்கவில்லை. பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகளுக்கு மருத்துவம் பார்த்ததில் தொடங்கியது அவரது கான்பூர்த் தொண்டு.

1971-ல் வங்க தேசத்து அகதிகள் எல்லையில் வந்து குவிந்தபோது அங்கே ஓடினார். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு மக்களைக் கொன்றபோது மருத்துவக் குழுவோடு போனார். அதே 1984-ல் இந்திரா காந்தி படுகொலைக்குப் பின் சீக்கியர்களைத் தேடித் தாக்கிய கும்பல்களுக்கு எதிரே, தம் மருத்துவமனை இருந்த பகுதியில், தெருவில் இறங்கி நின்றார். அப்போது அவருக்கு வயது 70. கூட்டமாகத் திரண்டு வருபவர்களின் வெறி எப்படிப்பட்டது என்பது வெளிமாநிலங்களில் வாழும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வெறிக்கு முன்னால் இன்னொருவனுக்காக நிற்பவரே உண்மையான வீரர்.

2002-ல், 87-வது வயதில், இடதுசாரிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். எதிரே நின்றவர் இராமேசுவரத்து அப்துல் கலாம். வெற்றி கிட்டாது என்று தெரிந்தே நின்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லக் கிடைத்த மேடை அது. தேர்தல் முடிந்ததும் மீண்டும் நோயாளிகளிடம் போய்விட்டார். தொண்ணூறு வயதைக் கடந்தும் காலையில் மருத்துவமனைக்கு வந்து அமர்ந்தார். இறந்த பின்னும் உடலைக் கான்பூர் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

அவரது நம்பிக்கை எது என்று கேட்பவர்கள் இருக்கலாம். சிறுமியாக இருந்தபோது, தீண்டினால் தீட்டு என்று பாட்டி வீட்டில் விலக்கிவைத்த பழங்குடிச் சிறுமியின் கையைப் பிடித்து விளையாட அழைத்துப் போனவர் அவர். அன்று பற்றிய கையை அவர் கடைசிவரை விடவில்லை. நம்மில் கோயிலுக்குப் போகிறவர் உண்டு, தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர் உண்டு, எங்கும் போகாதவரும் உண்டு. எல்லோருக்கும் பொதுவான வழிபாடு அந்தக் கைப்பிடிதான்.

தோழர்களே! படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைந்து போவதில் பயனில்லை. மூன்று காரியங்கள் செய்வோம். நம் குடியிருப்புகளில் இருக்கும் முதியவர்களிடம் உட்கார்ந்து, அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் பர்மாவிலும் மலேயாவிலும் பட்ட பாட்டைக் கேட்டு எழுதி வைப்போம். 1972-ல் தியாகிகள் ஓய்வூதியத் திட்டம் வந்தபோது சிறையிருந்த சான்று கேட்டார்கள். தோட்டத்திலிருந்து போய்ப் போரிட்ட ஏழையிடம் காகிதம் எங்கே இருக்கும்? எழுதி வைக்காதவன் தியாகம் கணக்கில் ஏறாது என்பதே அதில் கிடைத்த பாடம். அடுத்து, சங்க நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கு இடம் கொடுப்போம். தேநீர் போடவும் கோலமிடவும் மட்டும் அவர்களை அழைப்பது ஜான்சி ராணிப் படையின் வாரிசுகளுக்கு அழகல்ல. மூன்றாவதாக, நம் சங்கம் நடத்தும் மருத்துவ முகாமும் மாலை வகுப்பும் தமிழருக்கு மட்டும் என்று இராமல், பக்கத்துச் சந்தில் வாழும் பீகார்க்காரருக்கும் தெலுங்கருக்கும் திறந்திருக்கட்டும்.

சென்னையில் பிறந்து, சிங்கப்பூரில் போராடி, கான்பூர் மக்களோடு கலந்துவிட்ட அந்த அம்மையாரை வெளியூர்க்காரி என்று யாரும் சொல்ல முடியாது. நம்மையும் யாரும் அப்படிச் சொல்ல முடியாதபடி வாழ்ந்து காட்டுவோம்.

ஜெய் ஹிந்த்!