சாம்பலில் தெரியும் கிணறு

சுருட்டைச் சுவைத்து மதிப்பிடுவதும் ஒரு கலையா என்று நகைப்போர் நம்மிடையே பலர். மேலை நாடுகளில் அதற்கெனச் சஞ்சிகைகளே உண்டு. அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய 'சிகார் அஃபிசியோனாடோ' பெயர்ப்பட்டியை மறைத்துச் சுருட்டுகளைப் புகைக்கக் கொடுத்து, தோற்றம், சுருட்டிய நேர்த்தி, எரியும் விதம், சுவை ஆகியவற்றை எடைபோட்டு நூற்றுக்கு இத்தனை என்று புள்ளியிடுகிறது.

நமக்கும் சுருட்டு புதியதன்று. 1887இல் வெளிவந்த முதற் கதையிலேயே ஷெர்லொக் ஹோம்ஸ் திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலைக் கொண்டு துப்புத் துலக்கினார். யாழ்ப்பாணத்தவர் தென்னிலங்கைப் பட்டினங்களில் நடத்திய கடைகளுக்குச் 'சுருட்டுக்கடை' என்றே பெயர் வழங்கிற்று. வடக்கின் சுருட்டுக் கொட்டில்களிலே ஒருவர் நாளேட்டை உரத்து வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே இலை சுருட்டினர். கியூபாவிலும் இதே வழக்கம் உண்டு. பத்திரிகைக்காரர்களாகிய நாம் அந்தக் கொட்டில்களுக்குக் கடமைப்பட்டவர்கள்.

இருந்தும், நல்ல சுருட்டு எது என்பதை நாம் எழுதி வைக்கவில்லை. தொழிலாளியின் விரல்கள் அதை அறிந்திருந்தன. இறுகச் சுற்றினால் புகை வராது. தளரச் சுற்றினால் சூடேறிக் கசக்கும். ஈரம் சீராக இல்லாவிடில் ஒருபக்கமாக எரியும். சாம்பல் உதிராமல் நிற்கிறதா, இழுக்காமல் வைத்தாலும் நெருப்பு அணையாது நிற்கிறதா என்பனவே இறுதித் தேர்வுகள்.

இந்த இறுதித் தேர்வைத்தான் புத்தளம் கரையோரத்தை முன்வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். புகையிலை எரிவது சுருட்டுபவரின் கையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. இலையில் பொட்டாசியம் போதிய அளவு இருந்தால் நெருப்பு நிலைக்கும். குளோரைட்டு மிகுந்தால் இலை ஈரத்தை உறிஞ்சும். நெருப்பு அடிக்கடி அணையும். அந்தக் குளோரைட்டு பெரும்பாலும் மண்ணிலிருந்தும் பாய்ச்சும் நீரிலிருந்துமே வருகிறது.

வெங்காயம், மிளகாய் ஆகியவற்றோடு புகையிலையும் விளையும் கற்பிட்டிக் குடாநாட்டின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். மேற்கே கடல், கிழக்கே உப்பேறிய புத்தளம் களப்பு, நடுவே மணல். மழைநீர் அந்த மணலுள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. பயிருக்கு இறைப்பதும் அதையே, வீட்டில் குடிப்பதும் அதையே. அளவுமீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும். தோட்டத்துக்கு இடும் உரமோ மணலினூடே இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றைச் சேரும். இக்குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகவே சுட்டிக்காட்டி வருகின்றனர்.

ஆகவே, இத்தகைய கரையில் விளைந்த இலையைச் சுருட்டிப் பற்றவைப்பவர், நெருப்பு அணையும்போது சுருட்டியவரைக் குறைகூறுமுன் கிணற்றை எண்ண வேண்டும். கொக்கோ மணக்கிறது, மிளகு உறைக்கிறது என்று வருணிக்கத் தெரிந்த நாக்கு, குடிநீரில் உப்பேறுகிறது என்பதைச் சொல்லாமல் விடுமானால் அந்த மதிப்பீட்டுக்கு என்ன மதிப்பு?

இது புகைத்தலுக்கான பரிந்துரையன்று. சுருட்டின் புகையை உள்ளே இழுப்பதில்லை என்பது ஆறுதலாகாது. வாய்ப்புற்றும் தொண்டைப்புற்றும் அதனால் வருகின்றன. புகையிலைக் கட்டுப்பாடு குறித்த சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2003இல் ஏற்று உறுதிசெய்தது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்தது. அவை நியாயமானவையே.

ஆனால் 'புகையிலையைக் கைவிடுங்கள்' என்று விவசாயிக்குச் சொல்வது எளிது. அதன் இடத்தில் வரும் பயிரும் அதே கிணற்றையும் அதே உரமூட்டையையும் நம்பியிருக்குமானால் தீங்கு இடம் மாறியதாகுமே தவிர நீங்கியதாகாது. எந்தப் பயிராயினும் எவ்வளவு நீர் இறைக்கலாம், எவ்வளவு உரம் இடலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். கிணறுகளைக் காலந்தோறும் சோதித்து, முடிவை அவ்வூர் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே அறிவிக்க வேண்டும். உயர்ரகம் என்று விலைகூறி விற்போரிடம் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியதும் இதுவே: இவ்விலை விளைந்த தோட்டத்துக் கிணற்றுநீரைக் குடிக்கலாமா?