விண்டோஸ் 11-க்கு மாறும்போது கணினி பாதியில் திரும்புகிறதா? டிரைவரைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் உழவர் குழுவின் கணினியை விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற்ற மூன்று முறை முயன்றோம். ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. கடையில் கேட்டால் எல்லாவற்றையும் அழித்து ‘ஃபார்மட்’ செய்ய வேண்டும் என்கிறார்கள். கணக்குகள் போய்விடுமே, என்ன செய்வது?
– வாசகர், காட்டுமன்னார்கோவில் வட்டம், கடலூர் மாவட்டம்.

பதில்: அவசரப்பட்டு ஃபார்மட் செய்ய வேண்டாம். இதே கோளாறு சென்ற சம்பாப் பருவத்தில் சிதம்பரம் வட்டத்து உழவர் குழு ஒன்றிலும் வந்தது. அது தீர்ந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் உங்களுக்கும் வழி கிடைக்கும்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்தியது. கணினித் திரையில் அந்த அறிவிப்பு அடிக்கடி வரவே, குழுவின் கணக்கு எழுதும் பெண் நவம்பர் முதல் வாரத்தில் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்திவிட்டார். கணினி பலமுறை அணைந்து எழுந்தது. கடைசியில் மாற்றங்கள் ரத்து செய்யப்படுவதாகக் காட்டி, பழைய விண்டோஸுக்கே திரும்பியது. மறுநாளும் அதே கதைதான்.

சம்பா நெற்பயிருக்குக் காப்பீடு செய்ய வழக்கமாக நவம்பர் 15 வரைதான் காலம். அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல்களோடு உறுப்பினர்கள் வாசலில் காத்திருந்தார்கள். மழைக்காலத்தில் வெள்ளாறும் கொள்ளிடமும் என்ன செய்யும் என்று அந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் தவறினால் அந்தப் பருவத்துக்கே காப்பீடு இல்லை.

“இன்னும் ரெண்டு நாள் பாக்கலாமா பாப்பா?” என்று கேட்டார் ஒரு பெரியவர்.

“வேணாம் பெரியப்பா. இது எப்ப சரியாகும்னு எனக்கே தெரியல. காகிதத்தையெல்லாம் எடுத்துக்கிட்டு இன்னைக்கே கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயிடுங்க” என்றார் அந்தப் பெண்.

அதுவே சரியான முடிவு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி, பொதுச் சேவை மையம் ஆகிய எதில் வேண்டுமானாலும் காப்பீட்டுக்குப் பதியலாம். கணினி சரியாகட்டும் என்று பயிர் காத்திருக்கக் கூடாது.

அவர்கள் போன பிறகு கணினியைச் சிதம்பரத்தில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றார். அங்கேயும் ஃபார்மட் என்ற பதில்தான். விதை, உரக் கடன் பாக்கி, உறுப்பினர் பங்குத்தொகை எல்லாம் அந்த ஒரே கணினியில்தான் இருந்தன. ஒப்புக்கொள்ளாமல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள இன்னொரு பழுதுநீக்குநரிடம் கொண்டுபோனார். அவர் முதலில் கேட்டது, திரையில் வந்த பிழை எண் என்ன என்பதுதான். நல்ல வேளையாக, அந்தப் பெண் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். அந்த எண் ‘சி1900101’ என்பதில் முடிந்திருந்தது.

அந்த எண் வந்தால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு என்று பொருள். கணினியோடு இணைக்கும் ஒவ்வொரு கருவிக்கும், அதாவது அச்சுப்பொறி, கைரேகைக் கருவி, எடைத் தராசு போன்றவற்றுக்கு, தனியாக ஒரு சிறு மென்பொருள் உண்டு. கருவி பேசுவதை விண்டோஸுக்கும், விண்டோஸ் சொல்வதைக் கருவிக்கும் புரியவைப்பது அதுதான். அதையே டிரைவர் என்கிறோம். பழைய விண்டோஸுக்கு எழுதப்பட்ட டிரைவர் புதிய விண்டோஸில் சிக்கினால், மாற்றம் பாதியில் நின்றுவிடும். கணினியும் தன்னைக் காத்துக்கொள்ளப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே திரும்பி வருவதாலேயே கணினி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

அந்தக் கணினியில் மூன்று கருவிகள் இணைந்திருந்தன. போதாததற்கு, சில ஆண்டுகளுக்கு முன் தூக்கிப்போட்ட கைரேகைக் கருவி ஒன்றின் டிரைவரும் உள்ளே தங்கியிருந்தது. கருவி போனாலும் டிரைவர் போவதில்லை. அதை நீக்கி, எல்லாக் கருவிகளையும் கழற்றிய பிறகு, விண்டோஸ் 11 தடையின்றி ஏறியது. கணக்குகளில் ஒன்றும் குறையவில்லை.

நீங்களும் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. கணக்குகள், படங்கள், உறுப்பினர் பட்டியல் அனைத்தையும் பென்டிரைவில் நகல் எடுங்கள். நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் பாருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ மென்பொருளில் சோதியுங்கள். குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி ஆகியவை வேண்டும். இன்டெல் சிப் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்.

3. விசைப்பலகை, மவுஸ், திரை தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

4. ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, ‘வியூ’ பட்டியலில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டும் வசதியைத் தேர்வு செய்யுங்கள். இப்போது பயன்படுத்தாத கருவிகளின் பெயர் மங்கலாகத் தெரியும். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த பழைய கைரேகைக் கருவி, அச்சுப்பொறி போன்றவற்றை மட்டும் டிரைவரோடு நீக்குங்கள். பெயர் புரியாத எதையும் தொட வேண்டாம்.

5. வெளியிலிருந்து வாங்கிப் போட்ட வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் தற்காலிகமாக நீக்குங்கள். விண்டோஸிலேயே உள்ள பாதுகாப்பு அதுவரை போதும்.

6. ‘சி’ டிரைவில் குறைந்தது 20 ஜிபி காலியிடம் வையுங்கள். யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் இதுவரை இல்லாத கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

மாறிய பிறகு கருவிகளை ஒவ்வொன்றாக இணைத்துச் சோதியுங்கள். பி.எம். கிசான் சரிபார்ப்புக்கான கைரேகைக் கருவி என்றால், தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து விண்டோஸ் 11-க்கான டிரைவரை முதலில் நிறுவி, பிறகு ‘ஆர்.டி. சர்வீஸ்’ மென்பொருளை நிறுவுங்கள்.

எடைத் தராசை யுஎஸ்பி மாற்றுக் கம்பி வழியாக இணைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கம்பிகள் பலவற்றில் புரோலிஃபிக் நிறுவனத்தின் பி.எல்.2303 என்ற சிப் இருக்கிறது. அதன் பழைய வகைகளுக்கு விண்டோஸ் 11-இல் ஆதரவில்லை என்று அந்நிறுவனமே அறிவித்துள்ளது. சிதம்பரத்துக் குழுவின் தராசும் இதனால்தான் பேசாமல் போனது. அதற்காகத் தராசை மாற்றத் தேவையில்லை. விண்டோஸ் 11-இல் இயங்கும் சிப் உள்ள வேறு கம்பி வாங்கினால் போதும். அவர்களும் கம்பியைத்தான் மாற்றினார்கள்.

எல்லாம் செய்தும் ஏதேனும் முக்கியக் கருவி இயங்கவில்லை என்றால், மாறிய 10 நாட்களுக்குள் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ரெகவரி’ சென்று பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். ஆகவே அந்தப் பத்து நாளுக்குள் எல்லாக் கருவிகளையும் ஒருமுறையாவது பயன்படுத்திப் பாருங்கள்.

கணினிக்குத் தகுதியே இல்லை என்றால்? தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தொடக்க ஆண்டுகளில் பிள்ளைகளுக்குக் கிடைத்த மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுப் பயன்பாட்டில் உள்ள விண்டோஸ் 10 கணினிகளுக்கு, ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதியில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும். அதன் பிறகு லினக்ஸுக்கு மாறலாம். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இலவசம், தமிழிலும் இயங்கும். ஆனால் உங்கள் கைரேகைக் கருவிக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, காலம் பார்த்துச் செய்யுங்கள். காப்பீட்டுப் பதிவும் அடைமழையும் சேர்ந்துவரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும், நெல் கொள்முதல் நடக்கும் தை, மாசி மாதங்களிலும் குழுவின் கணினியில் கை வைக்காதீர்கள். சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் வீடு வந்து சேர்ந்த பிறகு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அன்று கணினி பாதியில் நின்றாலும் யாருடைய பயிரும் அதற்காகக் காத்திருக்காது.